பந்து துரை ஊதாத விசில்

பந்து துரையைப் பற்றி மூணாறு பஜாரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். குடித்தே கெட்டவர் என்பான் ஒருவன். சொந்த ஊரில் யாரையோ அடித்துப்போட்டு ஓடி வந்தவர் என்பான் இன்னொருவன். போன மாதம் அவர் கொச்சியில் விமானம் ஏறியதிலிருந்து கதைகள் கூடிவிட்டன. நேற்று ஒரு ஜீப் டிரைவர் என் எதிரிலேயே நின்றுகொண்டு, அவருக்குப் பேய் பிடித்துத்தான் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று டூரிஸ்ட்டுகளிடம் அளந்துகொண்டிருந்தான். எனக்கு வந்ததே கோபம். "ஏய், நீ கூட இருந்து பாத்தியாக்கும்?" என்று கேட்டேன். பல்லை இளித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். பதினோரு வருஷம் அந்த மனுஷனுக்கு வாயாக இருந்தவள் நான். என் பெயர் ஆனந்தி. நான் பார்த்ததையும் கேட்டதையும் சொல்கிறேன். நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் ஜீப் டிரைவரிடம் போங்கள்.

அவர் பெயர் நெவில் ஓக்‌ஷாட். இங்கிலாந்தின் வடக்கே மீன் நாற்றம் அடிக்கிற ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். பதினேழு வயதில் பந்து விளையாடச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். டிவியில் வருகிற கிளப் எல்லாம் இல்லை. மூன்றாம் டிவிஷன், நான்காம் டிவிஷன், மழையில் ஐந்நூறு பேர் நின்று பார்க்கிற ஆட்டங்கள். தடுத்து ஆடுகிற ஆள். பதினான்கு வருஷத்தில் மொத்தம் இரண்டு கோல், அதில் ஒன்று சேம் சைடு கோல். அதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். முப்பத்தொரு வயதில் வலது முழங்கால் போனது. கால் போனவர்கள் என்ன செய்வார்கள்? கோச் ஆகிவிடுவார்கள். மால்டா, சாம்பியா, மாலத்தீவு, கோவா என்று சுற்றினார். போகிற ஊர் ஒவ்வொன்றும் முந்தின ஊரைவிடச் சின்னதாகிக்கொண்டே வந்தது. நடுவில் கல்யாணமும் ஆகி, ஒரு மகளும் பிறந்து, அதுவும் முறிந்துபோனது.

கோவாவுக்குப் பிறகு பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் இரண்டு வருஷம் இருந்தார். அங்கே ஆறுச்சாமி என்று ஒரு தென்னந்தோப்புக்காரர், பந்துப் பைத்தியம், உள்ளூர் கிளப்புக்காக இவரைக் கூட்டிவந்து தன் தோப்பு வீட்டிலேயே தங்க வைத்திருந்தார். இவர் தமிழ் கற்றது அவரிடம்தான். அதனால் வாயைத் திறந்தால் கொங்குத் தமிழ். மூணாறில் ஒரு ரிசார்ட்காரர் டூரிஸ்ட் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லித்தர இவரை அழைத்துவந்த அன்று, நான் அங்கே ரிசப்ஷனில் இருந்தேன். ஆறடி வெள்ளைக்காரர் என் முன்னால் குனிந்து, "ஏனுங்க அம்மிணி, என்ற ரூம் சாவி எங்கீங்க?" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன். எங்கள் மலையில் எல்லாம் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்த சனம். எங்களுக்கு இந்த ஏனுங்க, அம்மிணி எல்லாம் சினிமாவில் கேட்டதுதான். அவரோ தெருநாயைக்கூட "போங்க" என்றுதான் விரட்டுவார்.

ரிசார்ட்டின் பந்து வகுப்பு ஒரே மழைக்காலத்தில் படுத்துவிட்டது. அவர் ஊருக்குப் போயிருக்கலாம். ஆனால் சோலைமட்டம் எஸ்டேட் டிவிஷன் டீமின் கேப்டன் பெரியமுத்து, டீ பேக்டரியில் கொழுந்து காய வைக்கிற வேலைக்காரர், நேராக வந்து கேட்டார். "சார், எங்க பயலுகளுக்கு ஓடத் தெரியும், நிக்கத் தெரியாது. வந்து சொல்லிக் குடுங்க." அவ்வளவுதான், இவர் தங்கிவிட்டார். பஜாரில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை. ஒரு தனியார் பள்ளிக்கூடம் விளையாட்டு வாத்தியார் வேலை கொடுத்தது, அந்தக் காகிதத்தை வைத்து வருஷா வருஷம் விசா. எஸ்டேட்டில் மேனேஜரை இன்றைக்கும் துரை என்றுதான் சொல்வோம், எந்த நிறத்தில் இருந்தாலும். அதனால் இவர் பந்து துரை. டீ கேட்க, வழி கேட்க அவர் தமிழ் போதும். ஆட்டக்காரர்களைத் திட்ட அந்தத் தமிழ் போதாது. அதற்குத்தான் சனிக்கிழமைதோறும் நான் மைதானத்துக்குப் போனேன். சும்மா சொல்லக்கூடாது, அவர் இங்கிலீஷில் திட்டியதைவிட நான் இரண்டு பங்கு சேர்த்தே திட்டினேன்.

சோலைமட்டம் மைதானத்தை முதலில் பார்க்கிறவன் ஓரத்துக்கே போக மாட்டான். மலைச் சரிவைச் செதுக்கி ஒரு தட்டு போல ஆக்கியிருக்கிறார்கள். மேல் பக்கம் தேயிலைக் காடு, அதற்கும் மேலே தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லயங்கள். கீழ்ப் பக்க கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் எட்டடி தள்ளினால் பள்ளம். வேலி போட்டால் ஒரு மழைக்குத் தாங்காது. நாலரை மணிக்கு வேலை முடிந்து ஆட்கள் வரும்போதே பனியும் வந்துவிடும். பக்கத்தில் நிற்கிறவன் மூக்கு தெரியாது. அதற்காக ஆட்டத்தை நிறுத்த முடியுமா? நிறுத்தினால் இந்த மலையில் வருஷத்துக்கு நாலு நாள்தான் ஆட முடியும். அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். பனி இறங்கியதும் பள்ளத்துப் பக்க கோலி குரல் கொடுக்க ஆரம்பிப்பான். "இங்க! நில்லு! இங்க! நில்லு!" பந்தைத் துரத்துகிறவன் அந்தக் குரல் வரைக்கும்தான் போகலாம். அதற்கு அந்தப்புறம் காற்று. இதற்குக் கொரல் வேலி என்று பெயர்.

துரை வந்து அந்தப் பழக்கத்தை ஒழுங்காக்கினார். மூன்று நீள விசில் கேட்கும்வரை கோலி குரலை நிறுத்தக் கூடாது, இடத்தை விட்டு அசையக் கூடாது. விசில் கேட்டு எல்லோரும் மேல் பக்கம் ஏறிய பிறகு கோலி கடைசியாக வருவான். இதில் விளையாட்டே கிடையாது, ஒருவன் மறந்தாலும் இன்னொருவன் பள்ளத்தில் கிடப்பான் என்று அவர் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். அப்போது கோலியாக இருந்தவன் அருண்பாண்டி. லயத்தில் தனியாக இருந்த சாந்தம்மாளுக்கு ஒரே பிள்ளை. கேலி கிண்டல் எதுவும் தெரியாத, சொன்னதைச் சொன்னபடி செய்கிற பையன். அவனுக்கு வயது இருபத்தாறு, அவ்வளவு பெரிய குரல் நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஆடி மாதம். ஐந்து நாள் விடாமல் அடித்த மழை சனிக்கிழமை மத்தியானம் ஓய்ந்தது. இன்றைக்கு வேண்டாம் சார் என்று நான் சொன்னேன். அடுத்த வாரம் மேட்ச், ஒரு மணி நேரம் மட்டும் என்றார். ஐந்து மணிக்குப் பனி முழுசாக இறங்கியிருந்தது. பாண்டி குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்போது தரைக்கு அடியில் யாரோ பீரோவை நகர்த்துகிற மாதிரி ஒரு சத்தம். "உருள் பொட்டுதுடா, மலை சரியுது, ஓடு!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் மேலே ஓடினோம். நானும்தான். தேயிலை ஓரத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பெரியமுத்து தலையை எண்ணினார். ஒரு ஆள் குறைந்தது. கீழே பனிக்குள்ளிருந்து அவன் குரல் வந்துகொண்டே இருந்தது. "இங்க! நில்லு!"

"பாண்டி, வாடா, வாடா" என்று எல்லோரும் தொண்டை கிழியக் கத்தினோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. பனிக்குள் ஆட்கள் கத்துவது கேட்டால் அவன் என்ன நினைப்பான்? யாரோ வழி தெரியாமல் பள்ளத்தைப் பார்த்து ஓடுகிறார்கள் என்றுதான் நினைப்பான். அவன் இன்னும் உரக்கக் கத்தினான். பிறகு மைதானத்தின் கீழ்ப் பாதி, கோல் போஸ்ட்டோடு, சத்தம் போட்டுப் போய்விட்டது. பன்னிரண்டு நாள் தேடினார்கள். அவன் கிடைக்கவில்லை.

ஓடும்போது துரையின் முழங்கால் மறுபடி திரும்பி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்துக்கொண்டே ஒன்றைச் சொன்னார். ஓடிய நேரம் முழுக்க விசில் அவர் வாயில்தான் இருந்திருக்கிறது. பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டே ஓடியிருக்கிறார். ஊத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மேலே வந்து நின்ற பிறகும் மற்றவர்களோடு சேர்ந்து கத்தினாரே தவிர, ஊதவில்லை. விசிலைக் கழுத்துக் கயிற்றில் தொங்கத் துப்பிவிட்டுத்தான் கத்தியிருக்கிறார். மூன்று ஊதியிருந்தால் பாண்டி வந்திருப்பான். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. அழவும் வந்தது. யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்லாமல் இருந்தேன். சாந்தம்மாள் முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது?

நாற்பது நாள் கழித்து முதலில் கேட்டது பெரியமுத்துவுக்கு. வேலை முடிந்து மைதானத்துக்கு மேலே உள்ள ஒற்றையடிப் பாதையில் வந்துகொண்டிருந்தார். பனி. பள்ளத்திலிருந்து குரல். அடியிலிருந்து வரவில்லை, அதுதான் அவரை உலுக்கிவிட்டது. முன்பு கோல் போஸ்ட் இருந்த இடத்திலிருந்து, தரை மட்டத்திலிருந்து வந்தது. இப்போது அங்கே தரை கிடையாது. மலையில் எதிரொலி இருக்கும் ஐயா என்று நான் அவரைக் கேலி செய்தேன். அடுத்த சனிக்கிழமை நானே கேட்டேன். "இங்க! நில்லு!" அதே குரல், அதே இடைவெளி. பனி விலகியதும் குரல் நின்றது. எதிரே வெறும் ஆகாசம்.

டீம் விடவில்லை, பாதி மைதானத்திலேயே ஒரு மாதம் ஆடிப் பார்த்தார்கள். ஒரு நாள் டீம் பையன் லோகேஷ் அடித்த பந்து பனிக்குள் பள்ளத்துப் பக்கம் போய்விட்டது. போன பந்து கீழே புதரில் விழுகிற சத்தத்துக்காக நின்றோம். விழவில்லை. அதற்குப் பதில் 'தப்' என்று ஒரு சத்தம், கையுறையில் பந்து விழுகிற சத்தம், கொஞ்ச தூரத்தில். லோகேஷ் அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அன்றோடு டீம் கீழே பள்ளிக்கூட மைதானத்துக்கு மாறியது. கொழுந்து பறிக்கிற பெண்கள் நான்கு மணிக்கு மேல் அந்தக் காட்டில் நிற்க மாட்டோம் என்றார்கள்.

பெரியமுத்து துரையிடம் வந்தார். "சார், நீங்க ஊதி விட்ருங்க. விசில் கேக்காம அவன் நகர மாட்டான். அவன் அந்த மாதிரிப் பய."

துரை விசிலைக் கையில் எடுத்தேவிட்டார். அதற்குள் சாந்தம்மாள் எங்கிருந்தோ கேள்விப்பட்டு, கொழுந்துக் கூடையோடு ஓடி வந்து அவர் முன்னால் நின்றாள். "ஐயா, ஊதுனா அம்புட்டுத்தான். எம்புள்ளயோட கொரலு ஒண்ணுதான் எனக்கு மிச்சம். அதையும் எடுத்துராதீங்கய்யா."

"ஊத மாட்டேனுங்க" என்றார் துரை. விசிலைச் சட்டைப்பையில் போட்டார். அதற்குப் பிறகு பள்ளிக்கூட மைதானத்தில்கூட அவர் விசில் ஊதவில்லை, கை தட்டித்தான் ஆட்டம் நடத்தினார்.

அப்படித்தான் மூன்று வருஷம் போனது. பனி இறங்குகிற சாயங்காலங்களில் சாந்தம்மாள் மைதானத்துக்குப் போவாள். அவளைத் தனியாக விடக் கூடாது என்று துரையும் பிளாஸ்க்கில் டீயோடு நொண்டிக்கொண்டு ஏறுவார். சனிக்கிழமைகளில் நானும் போவேன். காலில் அட்டை ஏறாமல் உப்புத் தடவிக்கொண்டு, நனைந்த புல்லில் ஒரு சாக்கை விரித்து உட்காருவோம். குரல் வரும். சாந்தம்மாள் அதற்குப் பதில் பேசுவாள். இன்றைக்கு என்ன குழம்பு, எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம், எல்லாம் சொல்வாள். அவன் அதே இரண்டு வார்த்தையைத்தான் சொல்வான். கோழிக்கோட்டிலிருந்து ஒரு கிளப் துரையைக் கூப்பிட்டது, போகவில்லை. ஊரிலிருந்து மகள் போனில் அழுதாள், அப்போதும் போகவில்லை. போனால் அந்தம்மா தனியாக உட்காருவாங்க என்பார். நான் சண்டை போட்டிருக்கிறேன். செத்தவன் ஒருவனுக்காக உயிரோடு இருக்கிற இரண்டு பேர் இப்படிக் கெட்டுப்போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். என்ன சொல்ல!

போன மாதம் பள்ளிக்கூடம் கைவிரித்தது. காகிதம் இல்லை, அதனால் விசா இல்லை. பத்து நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். இதைச் சாந்தம்மாளிடம் மைதானத்தில் வைத்து நான்தான் சொன்னேன். பனி அன்றைக்கு நன்றாக இறங்கியிருந்தது. குரல் வந்துகொண்டிருந்தது. திடீரென்று அவள் எழுந்து குரலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"சாந்தக்கா, எங்க போறீங்க? அக்கா!" நான் எழுந்து ஓடினேன். பனியில் அவள் முதுகு தெரியவில்லை. பின்னால் துரை அவசரமாக எழுந்து முழங்கால் மடங்கி விழுகிற சத்தம் கேட்டது. அப்போது அந்தக் குரல் மாறியது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மாறியது. இடைவெளி இல்லாமல், பயந்துபோய், கெஞ்சுகிற மாதிரி, "நில்லு! நில்லு! நில்லு! நில்லு!" கடைசியில் தொண்டை உடைந்து வெறும் காற்றாக வந்தது. நான் சாந்தம்மாளைக் கண்டுபிடித்தபோது அவள் நின்றிருந்தாள். அவள் பெருவிரலுக்கு முன்னால் ஒரு சாண் மண் இருந்தது, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

அவள் அழவில்லை. திரும்பி நடந்து வந்தாள். துரை புல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"தொண்ட கட்டிப்போச்சு அவனுக்கு. கேட்டீங்களாய்யா? நாம விழுந்துறக் கூடாதுன்னு நிக்கான். நாம வாறதுனாலதான் நிக்கான். அது தெரியாம நான் பாட்டுக்குக் குழம்புக் கதை பேசிக்கிட்டு இருந்துருக்கேன்." அவள் தன் காலை நீவிக்கொண்டாள். "மூணு வருசம். கால் கடுத்துப்போயிருக்கும்யா அவனுக்கு. ஊதி விடுங்க."

துரை சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். ஊதவில்லை. நான் சொல்லித்தரக் காத்திராமல் தன் தமிழில் அவரே சொன்னார். "அம்மிணி, அன்னைக்கி இது என்ற வாயிலயேதான் இருந்துச்சுங்க. நான் ஊதலைங்க. ஓடிப்போயிட்டனுங்க."

சாந்தம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்யா" என்றாள். "விசில் சத்தம் எங்க லயம் வரைக்கும் கேக்கும். அது கேட்டதும்தான் எந்திரிச்சு அவனுக்கு டீத்தண்ணி வைப்பேன். அன்னைக்கும் அடுப்புப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கேக்கவே இல்ல." அவர் கையில் இருந்த விசிலைப் பார்த்தாள். "அதுக்கு உங்கள என்ன செய்ய? நானுந்தான் மூணு வருசமா ஊத விடல. ஊதுங்க."

அவர் வாயில் வைத்தார். முதல் தடவை வெறும் காற்றுத்தான் வந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்து எழுந்து நின்று ஊதினார். மூன்று நீள விசில். எதிர்மலையில் பட்டு மூன்றும் திரும்பி வந்தன. பிறகு ஒன்றும் இல்லை. அந்த நிசப்தம் எனக்குத் தாங்கவில்லை. மூன்று வருஷமாக அது ஒழிந்தால் போதும் என்றிருந்தவள், இன்னும் ஒரே ஒரு தடவை கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை.

"போவோம்" என்றாள் சாந்தம்மாள்.

மேலே ஏறுகிற பாதையில் ஒரு ஆள்தான் நடக்கலாம், இரண்டு பக்கமும் தேயிலை இடுப்புக்கு மேல் நிற்கும். துரை ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் போனார். நடுவில் நான். கடைசியில் சாந்தம்மாள். பாதி ஏற்றத்தில் எனக்குப் பின்னால் அவள் பேசுவது கேட்டது. குரலை உயர்த்தாமல், தினமும் பேசுகிற மாதிரி, தனக்குப் பின்னால் வருகிறவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாத்து வாடா. பாசி பிடிச்சுக் கெடக்கு, வழுக்கும்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. துரை நின்றார். தேயிலைச் செடியோடு ஒட்டிக்கொண்டு பாதையை விட்டு ஒதுங்கி, என்னைப் போகச் சொல்லிக் கை காட்டினார். நான் தாண்டினேன். சாந்தம்மாள் தாண்டினாள். அதற்குப் பிறகும் அவர், இன்னும் ஒரு ஆள் தாண்டிப்போகிற நேரம் அங்கேயே ஒதுங்கி நின்றார். அப்புறம்தான் கம்பை ஊன்றிக் கடைசியாக ஏறி வந்தார்.